ஒரு சொதிக்கு மூன்று பேர்

எங்கள் தெருவுக்குச் சொந்தமாக ஒரு குளிர்பெட்டி வாங்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் தொடங்கியது. ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி இல்லை, சவத்தை வைக்கிற ஃப்ரீசர் பாக்ஸ். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு சாவு. மகன் மஸ்கட்டிலிருந்து வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். வாடகைப் பெட்டி எங்கோ வேறு துக்கவீட்டில் மாட்டிக்கொண்டு, நல்ல சித்திரை வெயிலில் ஐந்து மணி நேரம் கழித்து வந்தது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பெண்கள் பக்கம் பேச்சு கிளம்பிவிட்டது. ஆண்கள் வழக்கம்போல நோட்டுப் போட்டு வசூல் பண்ணலாம் என்றார்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சமையல் புத்தகம் போட்டு விற்கலாமே என்றேன். சாவுக்கு வேண்டிய பெட்டியை அடுப்பங்கரையிலிருந்து சம்பாதிக்கிற யோசனையைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சரி என்றும் சொல்லிவிட்டார்கள்.

முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆகவே தொகுப்பாசிரியர் யார் என்ற கேள்வியே எழவில்லை. அந்த ஆசிரியைப் புத்திதான் பிறகு எல்லா வினைக்கும் காரணம்.

38 பேர், 131 குறிப்புகள். எல்லாம் வாட்ஸாப்பில் குரல்பதிவாக வந்தன. சைவ வீடுகளிலிருந்து கூட்டாஞ்சோறும், உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். கிறிஸ்தவ வீடுகளிலிருந்து முந்திரிக்கொத்து மட்டும் நாலு. ராவுத்தர் வீட்டு அக்கா நோன்புக் கஞ்சியை ஏழு நிமிடம் சொல்லியிருந்தாள். அதில் மூன்று நிமிடம் பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான். எழுதி எடுக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, எங்கள் தெருவில் யாரும் எதையும் அளந்து சமைப்பதில்லை. ‘கொஞ்சம்போல’, ‘ஒரு கை’, ‘கண்ணுக்குப் போதும்னு பட்டா நிறுத்திரு’. புளி என்றால் நெல்லிக்காய் அளவு அல்லது எலுமிச்சம்பழ அளவு. யார் வீட்டு எலுமிச்சம்பழம்? அரிசிக்கு உழக்கு என்றார்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள்தான். ஆனால் பட்டணத்துப் படியும் தெற்கத்திப் படியும் ஒன்றல்ல. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டு உழக்கை வாங்கி வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நாலும் நாலு விதம். ஒன்று அடி நசுங்கியது. அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக நசுங்கிய உழக்கில்தான் அரிசி விழுகிறது, சோறும் சரியாகத்தான் இருக்கிறது. நான் ஒரு சின்னத் தராசும் அளவுக் கோப்பைகளும் வாங்கி, எல்லாவற்றையும் கிராமுக்கும் கப்புக்கும் மாற்றினேன். ஒரு மாதம் என் வீட்டுக்காரர் தினமும் ஏதாவது ஒரு வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டார். குறை சொல்லவில்லை. சில நாள் தேவைக்கு மேலேயே புகழ்ந்தார்.

பெயர் போடுவது இன்னொரு கூத்து. தெருவில் யாருக்கும் பெயர் கிடையாது. வாத்தியார் வீட்டு மதினி, கோடிவீட்டுச் சித்தி, மேலவீட்டு ஆச்சி. புத்தகத்தில் அப்படிப் போட முடியுமா? முழுப்பெயர் கேட்டால், இனிஷியல் அப்பாவுடையதா வீட்டுக்காரருடையதா என்று இரண்டு நாள் யோசித்தவர்கள் உண்டு. ஒருத்தி தன் பெயரே வேண்டாம், அம்மா பெயரைப் போடு, அவள் கற்றுத் தந்ததுதானே என்றாள். போட்டேன்.

அப்புறம் வந்தது சொதி.

திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவது. கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தே ஆக வேண்டும். ஈழத்துச் சொதி வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எனக்கு மூன்று வீடுகளிலிருந்து சொதிக் குறிப்பு வந்தது: வாத்தியார் வீட்டு மதினி, கோடிவீட்டுச் சித்தி, மேலவீட்டு ஆச்சி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்றில் இஞ்சியைப் பச்சைமிளகாயோடு அரைக்கச் சொன்னார்கள், இன்னொன்றில் சாறு மட்டும். ஒன்றில் முருங்கைக்காய் உண்டு, ஒன்றில் கூடாது. மற்றபடி எல்லாம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து இதை வாங்குகிறவருக்கு எதற்கு மூன்று சொதி? மூன்றிலும் நல்லதை எடுத்து ஒன்றாக எழுதினேன். ஒருவர் பெயர்தானே போட முடியும், முதலில் அனுப்பிய மதினி பெயரைப் போட்டேன். இதே கத்தரியை மற்றவற்றிலும் வைத்தேன். 131 குறிப்பு 112 ஆனது. சுத்தமாக வேலை முடித்த திருப்தி எனக்கு.

பதினெட்டாயிரத்து முந்நூறு கோடுகள்

அச்சுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும். டெமி அளவு, 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், உள்ளே கறுப்பு வெள்ளை. 16 பக்கம் ஒரு ஃபாரம், பத்து ஃபாரம், 160 பக்கம். 300 பிரதி. ஒரு பிரதிக்கு 92 ரூபாய் வீதம் 27,600. விலை 200. நல்லெண்ணெய்க் கடை, பாத்திரக் கடை என்று ஆறு விளம்பரம் பிடித்தோம், பக்கம் 1,500 வீதம் 9,000. மீதிக்கு 38 பேரும் ஆளுக்கு 500 போட்டோம், அதற்கு ஈடாக ஆளுக்கு மூன்று புத்தகம். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணை நம் நாட்டில் இலவசமாகவே தருகிறார்கள், இணையத்தில் விண்ணப்பித்துக் காத்திருந்தால் போதும். அதைக் காசுக்கு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வணக்கம் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெட்டிகள் வந்து இறங்கிய அன்றைக்கு முதல் புத்தகத்தைப் பிரித்த கோடிவீட்டுச் சித்தி, “ஏட்டி, வத்தக்குழம்புக்கு உப்பு 12 டீஸ்பூனா?” என்றாள். நான் தட்டச்சு செய்தது யூனிகோடில், 1/2 என்று. பக்கம் கட்டியவர் அதைத் தன் மென்பொருளுக்கேற்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது இடையிலிருந்த சாய்கோடு மட்டும் காணாமல் போயிருக்கிறது. அரை ஸ்பூன் எல்லாம் 12 ஸ்பூன். கால் ஸ்பூன் பெருங்காயம் 14 ஸ்பூன். முக்கால் கப் தயிர் 34 கப். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கடைசி மெய்ப்பு என் செல்போனுக்கு வந்தது, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன், எண்களைப் பார்க்கவில்லை. ஒற்றுப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தே பழகிய கண்.

எண்ணிப் பார்த்தால் ஒரு புத்தகத்தில் 61 இடம். 300 புத்தகத்துக்கு 18,300 சாய்கோடு. பிழைதிருத்தச் சீட்டு அடித்து ஒட்டலாம் என்றேன். சீட்டை யார் பார்ப்பார்கள், 12 ஸ்பூன் உப்பைப் போட்டுத் தின்றுவிட்டு நாளைக்கு அந்தக் குளிர்பெட்டியிலேயே படுப்பார்கள் என்றாள் மதினி. ஆகவே இரண்டு சாயங்காலம், என் வீட்டு முன்னறையிலும் திண்ணையிலுமாக, இருபத்தைந்து முப்பது பேர் கறுப்புப் பேனாவோடு உட்கார்ந்தோம். சுக்குக்காப்பி, முறுக்கு. பக்க எண் எழுதிய துண்டுத்தாள் ஆளுக்கு ஒன்று. முதல் அரைமணி நேரம் பள்ளிக்கூடம் மாதிரி அமைதி. அப்புறம் கோடு போடுவதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை தெருவில் யாரும் அடுத்தவள் குறிப்பைப் பார்த்ததில்லை. “எக்கா, முந்திரிக்கொத்துக்கு நீங்க எள்ளு போடுவேளா?” “நீ போடமாட்டியா?” என்று ஆரம்பித்து ஒரே சத்தம்.

மேலவீட்டு ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. கோடு போட வரவில்லை, கூட்டத்துக்காக வந்திருந்தாள். பேத்தியிடம், “நம்ம சொதியை வாசி” என்றாள். பிள்ளை வாசித்தாள். பாதியிலேயே ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இது எஞ்சொதி இல்லையே. கீழ யாரு பேரு போட்டிருக்கு?”

பேத்தி மதினியின் பெயரைச் சொன்னாள். மதினியும் எட்டிப் பார்த்து, “இது எஞ்சொதியும் இல்ல ஆச்சி. நான் முருங்கைக்கா போடவே மாட்டேனே” என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், இடம் பற்றவில்லை என்று இழுத்தேன். “மூணும் ஒண்ணுன்னா, மூணு வீட்டுலயும் ஒரே மருமகளா வந்து சமைக்கா?” என்றாள் ஆச்சி. வெளியூர்க்காரர்கள் மூன்றைப் பார்த்தால் குழம்பிவிடுவார்கள் என்றேன். அதற்கு அவள் சொன்னதை இன்றுவரை தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள்: “குழம்புறவ குழம்பட்டும். நாம சொதில்லா வைக்கோம்.”

நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குக் காலையில்தான் 1954ஆம் வருடத்துச் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஆச்சி அதை மறக்கவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, “மெட்ராஸ்ல எம்பேரு இல்லாத பொஸ்தகத்தைத்தான் காலாகாலத்துக்கும் வச்சிருப்பாவளாக்கும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமோ என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

அவள் போன பிறகு பேத்தி அங்கேயே இருந்தாள். சொதிப் பக்கத்தில் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பிள்ளை சாய்கோட்டுப் பேனாவாலேயே, ஆச்சி பெயரை எழுதி, ‘இஞ்சியை அரைக்கக் கூடாது. அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழிந்து விட வேண்டும்’ என்று எழுதினாள். இதைப் பார்த்து மதினி, ‘முருங்கைக்காய் என்னுடையது அல்ல’ என்று எழுதினாள். அப்புறம் கை நிற்கவில்லை. முந்திரிக்கொத்துப் பக்கத்தில் நாலு பேர் நாலு கருத்து. அன்றைக்கு ராத்திரி முடிவதற்குள் நாற்பது பிரதிகளாவது இப்படிக் கிறுக்கப்பட்டுவிட்டன. எனக்கு எரிச்சல். 200 ரூபாய்ப் புத்தகத்தைப் பாழாக்குகிறார்களே என்று மீதியைக் கட்டி உள்ளே வைத்தேன்.

விற்ற கதை

புத்தகத்தை வெளியாட்களுக்கு விற்கத்தானே இவ்வளவு பாடு? அந்தக் கணக்கையும் கேளுங்கள். கடைக்காரர்கள் கேட்டது நாற்பது சதவீதக் கழிவு, அதுவும் விற்றால்தான் காசு. 200இல் 80 போனால் 120. அச்சுக்கூலி 92 போக 28. அதைக் கடையில் கொண்டு சேர்க்க ஆட்டோ. இருபது பிரதி வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்துப் போனால் மூன்று விற்றிருந்தது, பதினேழு தூசியோடு திரும்பி வந்தது. சென்னையில் நந்தனம் புத்தகக் காட்சியில் தெரிந்த பதிப்பாளர் ஒருவர் தன் கடையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார், இருபத்திரண்டு போனது. ஃபேஸ்புக்கில் போட்டதற்கு இருநூறு விருப்பக்குறி, எட்டு புத்தகம்.

தபாலிலும் ஒரு சிக்கல். 2025 மே முதல் நாளிலிருந்து அஞ்சல் துறையில் ‘ஞான போஸ்ட்’ என்று புத்தகங்களுக்கென ஒரு சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. எங்கள் புத்தகம் உறையோடு சேர்த்தே 300 கிராமுக்குள் வரும். ஆசையோடு கட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த தம்பி புரட்டிப் பார்த்தார், கடைசியில் நல்லெண்ணெய் விளம்பரத்தில் கண் நின்றது. விளம்பரம் உள்ள வெளியீடுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது டீச்சர் என்றார். விதி அப்படித்தான். 9,000 ரூபாய்க்கு விளம்பரம் வாங்கி, அதனாலேயே ஒவ்வொரு புத்தகத்துக்கும் கூடுதல் தபால் செலவு.

ஆனால் தெருவுக்குள் நடந்தது வேறு. கிறுக்கின அந்த நாற்பதும் ஒரே வாரத்தில் காலி. நான் கட்டி வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “எழுதினது இல்லையா?” என்று கேட்டார்கள். திருச்சியிலிருக்கும் மகளுக்கு, ஷார்ஜாவிலிருக்கும் நாத்தனாருக்கு என்று ஆளுக்கு நாலைந்து. அவர்களுக்கு 112 குறிப்பும் வேண்டாம், அம்மா பெயர் இருக்கிற பக்கம் போதும். பிறகு கோடிவீட்டில் கல்யாணம் வந்தது. மறுவீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் இந்தப் புத்தகத்தைப் போடலாம் என்று சித்திக்குத் தோன்றியிருக்கிறது. அறுபது பிரதி, ஒரே சொல்லில். நிபந்தனை ஒன்று: சொதிப் பக்கத்தில் ஆச்சி கையெழுத்து வேண்டும். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாளாக அறுபது கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

இந்த ஊர்க்கூட்டுச் சமையல் புத்தகம் என்பது நம் ஊரில்தான் புதுசு. அமெரிக்கப் பெண்களுக்கு இது பழகின வழி. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல், ஃபிலடெல்ஃபியாவில் காயம்பட்ட போர்வீரர்களுக்காக நடந்த சந்தைக்கு மரியா மாஸ் என்ற பெண்மணி செய்யுள் வடிவில் ஒரு சமையல் புத்தகம் எழுதிக்கொடுத்தார். அதைத்தான் அந்த வகைக்கு முதல் என்பார்கள். எனக்குப் பிடித்த கதை 1901இல் மில்வாக்கியில் நடந்தது. குடியேறி வந்த யூதப் பெண்பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு எடுத்த லிஸி பிளாக் கேண்டர், பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதியே நேரம் போகிறதென்று, குறிப்புகளை அச்சடிக்க 18 டாலர் கேட்டார். நிர்வாகக் குழுவிலிருந்த ஆண்கள் தர மறுத்துவிட்டார்கள். கேண்டரும் தோழிகளும் கடைக்காரர்களிடம் விளம்பரம் வாங்கி ஆயிரம் பிரதி அடித்தார்கள். அந்தப் புத்தகம் பிற்பாடு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. இந்தக் கதையைத் தெருவில் சொன்னபோது, “அந்த 18 டாலரைக் கொடுத்திருந்தா ஆம்பளைங்க பேரு வந்திருக்கும்” என்றாள் மதினி. அங்கேயும் பெயர்த் தகராறு உண்டு. அந்தக்காலப் புத்தகங்களில் பாதிப் பெண்கள் கணவர் பெயருக்கு முன்னால் ‘மிஸஸ்’ போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். வாத்தியார் வீட்டு மதினி என்பதும் கிட்டத்தட்ட அதுதானே?

நான் மனதில் வைத்திருந்த முன்மாதிரியே வேறு. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் தாமே வெளியிட்ட ‘சமைத்துப் பார்’தான். எங்கள் அம்மாவுக்குச் சீராக வந்தது என்னிடம் இருக்கிறது, பெருங்காய வாசனையோடு. இன்னும் அந்தக் குடும்பமே பதிப்பிக்கிறது. ஆனால் அது ஒரே கை. ஒரே பெண் நின்று பேசுகிறாள், அவள் ஆழாக்கை நம்பினால் கடைசிவரை நம்பலாம். அதனால்தான் முன்பின் தெரியாத வீட்டுக்குள்ளும் அது போய் உட்கார்ந்தது. நான் செய்தது, 38 கையை எடுத்து ஒரு கை மாதிரி எழுதியது. அந்தக் கை என்னுடையதும் இல்லை. யாருக்கும் தெரியாத ஒருத்தி அந்தச் சொதியை வைத்திருக்கிறாள்.

இங்கேதான் எனக்கு இன்னும் தீரவில்லை. போன மாதம் சேலத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். புத்தகக் காட்சியில் வாங்கினாளாம். சொதி என்றால் என்னவென்றே தெரியாது, புத்தகத்தைப் பார்த்து வைத்தேன், மாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று. அது என் சொதி! அந்த யாருக்கும் தெரியாதவளின் சொதி. கத்தரிக்கு வேலை கொடுத்தது தப்பே இல்லையோ என்று அன்றைக்கு முழுக்க மனசு கிடந்து அடித்தது. ஆச்சியிடம் அந்தக் கடிதத்தைக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. மதினியிடம் மட்டும் சொன்னேன். “சேலத்துக்காரிக்கு முருங்கைக்கா பிடிச்சிருக்கும்” என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் பதிப்பு

பெட்டி தை மாதம் வந்துவிட்டது. பாதி புத்தகக் காசு, பாதி ஆண்களின் வசூல் நோட்டு. வாத்தியார் வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கிறது. கடவுள் புண்ணியத்தில் இதுவரை திறக்கவில்லை, மேலே பூனை படுக்கிறது. புத்தகமும் கையில் இருபதுதான் மிச்சம். அடுத்த அச்சு போடலாம், நான் வெட்டின 19 குறிப்பையும் அவரவர் பெயரில் சேர்த்துவிடு என்று தெரு முடிவு செய்துவிட்டது.

குறிப்புக்கு ஒரு பக்கம். 160ஓடு 19 சேர்ந்தால் 179. பதினோரு ஃபாரத்தில் அடங்காது, பன்னிரண்டு போனால் 192. பதின்மூன்று பக்கம் வெறுமையாக விழும். விளம்பரம் போட்டு நிரப்புங்களேன் என்றார் அச்சகத்துக்காரர். போட்டால் மறுபடியும் ஞான போஸ்ட் கிடையாது. இந்தத் தடவை விளம்பரமே வேண்டாம், வெறும் பக்கத்தில் வாங்குகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு கட்சி. காசுக்கு என்ன வழி என்று இன்னொரு கட்சி. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் ஆச்சியின் சொதியைச் சரிபார்க்கப் போனேன். பழைய குரல்பதிவை ஓடவிட்டால் கையும் களவுமாகப் பிடித்தது போலாகும் என்று, புதிதாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஒப்பிட்டால் இரண்டும் ஒன்றில்லை. இதில் பருப்பு பாதி. எலுமிச்சம்பழம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இஞ்சியை அரைக்கச் சொல்லியிருந்தாள். மறுநாள் போய்க் கேட்டேன்.

“அன்னைக்குச் சொன்னது மறுவீட்டுக்கு வைக்கது. இது சும்மா வீட்டுக்கு. ரெண்டையும் போட்டிரு.”

பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது.